பதினோராம் இலக்கக் கேள்வி

வன்னிச் சித்திரக் கலாபிவிருத்திச் சபையில் அங்கத்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவருக்கும் படம் கீறத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சபையின் யாப்பு விதிகளிலேயே அப்படி ஒரு பிரிவு இருந்தது. படம் கீறத் தெரிந்தவர் உள்ளே வந்தால் படங்களைப் பற்றி ஏதாவது அபிப்பிராயம் வைத்திருப்பார், அபிப்பிராயம் வந்தால் நடுநிலைமை போய்விடும் என்பது தலைவரின் பயம்.

அறுபத்திரண்டாம் ஆண்டில் நான் அந்தச் சபையின் எழுதுவினைஞன். பெயர் நடராசா. வவுனியாவில் அரிசி ஆலை ஒன்றின் பின்பக்கத்து அறைதான் எங்கள் காரியாலயம். ஆலை ஓடும்போது உமி பறந்து வந்து விண்ணப்பங்களின் மேல் படியும். வருகிறவர்கள் சொல்வதைத் தட்டச்சில் அடிப்பது, அடித்ததை அலுமாரிக்குள் வைப்பது, வைத்ததைப் பற்றி வெளியில் வாய் திறக்காமல் இருப்பது இவைதாம் என் வேலை. கடைசி வேலையை நான் மிகத் திறமாகச் செய்தேன். அதை நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரியதரிசி கதிர்காமநாதன் முப்பத்தொரு வருஷம் காணிப் பதிவுக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். உலகத்தில் எந்தப் பொருளும் தானாக ஒருவனிடம் இருக்க முடியாது, யாரோ ஒருவர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் அது அவனுக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆழ்ந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் சித்திரக் கலைக்குள் இறங்கினார். இறங்கிய முதற் கிழமையே இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட விண்ணப்பப் படிவம் தயாராகிவிட்டது. அதில் பதினோராவது கேள்வி இது: ‘உமது ஆக்கத்துக்குத் தூண்டுதல் அளித்த ஓவியர் எவர்? அவருக்கு அத்தூண்டுதல் எவரிடமிருந்து சேர்ந்தது? மூலத் தூண்டுதல் வரை தொடர்ச்சியைக் காட்டுக.’

இந்தக் கேள்விக்கு உண்மையாக விடை சொன்ன ஒரே ஆள் வீரகத்திதான்.

வடமராட்சியில் பிறந்து, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிடக்கிற ஒரு குடியேற்றத் திட்டத்தில் வந்து குடியிருந்தவர் அவர். ஏழாம் வாய்க்காலில் மூன்று ஏக்கர் வயல். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் கடைப் பெயர்ப்பலகை எழுதுவார், கூத்துக்குத் திரைச்சீலை கீறுவார். குடியேற்றத் திட்டத்தில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூட மண்டபத்தின் வெளிச்சுவர் நாற்பது அடி. அந்தச் சுவர் முழுவதும் படம் கீறித் தரும்படி பெரிய வாத்தியார் ஐயாத்துரை அவரைக் கேட்டிருந்தார். கேட்ட நாள் முதல் வீரகத்திக்கு வேறு நினைப்பு இல்லை. ஆனால் அரசாங்கச் சுவரில் படம் கீறுகிறவருக்குச் சபையின் அத்தாட்சிப் பத்திரம் இருக்க வேண்டும் என்று அந்த வருஷம் ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. அதனால்தான் எங்கள் கதவடிக்கு வந்தார்.

“தூண்டுதல் தந்தவர் ஆர்?” என்று காரியதரிசி கேட்டார்.

“ஹலீம், ஐயா. முல்லைத்தீவு ஹலீம். வண்டிப் பலகையளுக்குப் பூவும் வள்ளமும் கீறுறவன்.”

“அவரிட்டை எத்தினை வருஷம் படிச்சீர்?”

“படிக்கேல்லை. அவன் என்ரை படத்தைப் பார்த்துப் பழுது சொல்லுவான். நான் போய் அவன்ரை படத்தைப் பார்த்துப் பழுது சொல்லுவன். பத்து வருஷமா இதுதான் எங்கடை தொழில்.”

கதையை அவர் விபரமாகவே சொன்னார். புதுக்குடியிருப்பில் இளையதம்பியின் தேத்தண்ணிக் கடைக்கு ஒரு பலகை. பால் தேத்தண்ணி என்பதால் ஒரு பசு படுத்திருக்கக் கீறியிருக்கிறார். கடை வாசலில் பலகையைச் சாத்திவைத்து வால் கீறிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த யாரோ ஒருவர் இறங்கி அரை மணித்தியாலம் பேசாமல் நின்று பார்த்துவிட்டு, “இந்த மாடு படுத்துக் கிடக்குதோ, செத்துக் கிடக்குதோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வீரகத்திக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடும் இறங்கவில்லை. பிறகு இரண்டு கிழமை மாட்டுப் பட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மாடு எப்படிக் காலை மடக்குகிறது, எந்தப் பக்கத்து வயிறு சரிகிறது என்று பார்த்தார். பலகையை அழித்துத் திரும்பக் கீறினார். கீறி முடித்த கையோடு, சைக்கிள்காரர் யாரென்று விசாரித்து முல்லைத்தீவுக்கே போய், அவர் கீறிய வண்டிப் பலகையைத் தேடிப் பிடித்து, “உன்ரை வள்ளம் தண்ணியிலை மிதக்கேல்லை, தண்ணிக்கு மேலை தொங்குது” என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஹலீம் அதன்பின் ஒரு மாதம் கடற்கரையே கதியென்று கிடந்தாராம்.

“அந்த நாளிலையிருந்து ஒருத்தன்ரை பலகையை மற்றவன் பாராமல் நாங்கள் அதைக் கடைக்காரனுக்குக் குடுக்கிறேல்லை. அவன் ஏசாட்டி எனக்குக் கை ஓடாது, ஐயா. இந்தச் சுவரையும் ரெண்டு பேருமாத்தான் கீறப்போறம். இடப் பக்கத்திலையிருந்து நான் எங்கடை குளத்தைக் கீறிக்கொண்டு வருவன். வலப் பக்கத்திலையிருந்து அவன் கொக்கிளாய்க் கடலைக் கீறிக்கொண்டு வருவான். நடுவிலை சந்திக்கிற இடத்திலை என்ன கீறுறதெண்டு இன்னும் சண்டை.”

நான் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அந்த அறையில் படத்தைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காரியதரிசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஹலீமுக்கு ஆரிட்டையிருந்து தூண்டுதல்?”

“என்னட்டையிருந்துதான்.”

“உமக்கு?”

“அவனிட்டையிருந்து.”

“நீர் ஒரு காணியை அவருக்கு எழுதிக் குடுக்கிறீர். அவர் அதே காணியை உமக்கு எழுதித் தாறார். அப்ப காணி எங்கை?”

“காணி இல்லை, ஐயா. படம்.”

“அதைத்தான் நானும் கேக்கிறன். காணி எங்கை?” என்றார் காரியதரிசி. பிறகு என் பக்கம் திரும்பி, “அரசாங்கப் பெர்மிட் காணியிலை இருக்கிற ஆளுக்கு உறுதியைப் பற்றி என்னெண்டு விளங்கும்? ஹலீமையும் வரச் சொல்லி எழுதும், தம்பி” என்றார்.

அடுத்த கிழமை ஹலீம் வந்தார். வெள்ளைச் சாரமும் நீலப் பெயின்ற் படிந்த விரல்களுமாக, படிவத்தைத் தானே வாசித்தார். பதினோராம் கேள்விக்கு ‘வீரகத்தி’ என்று எழுதிவிட்டு, பேனையைத் துடைத்து என்னிடம் தந்தார்.

“வேறை மூலம் ஒண்டும் இல்லையோ?” என்று காரியதரிசி கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“மூலம் எண்டு கேட்டா அல்லாஹ்தான், ஐயா. ஆனா அவன் படைச்ச கடலிலை ஒரு பிழையும் இல்லை. நான் கீறின கடலிலை பிழை பிடிச்சது வீரகத்திதான்.”

விஷயம் சபைக்குப் போனது. ‘மூலத் தூண்டுதல் உபகுழு’ என்று மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவின் முதற் சிபாரிசின்படி, விண்ணப்பகாரர் தூண்டப்பட்டவர்தானா என்று விதானையாரிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்கப்பட்டது. விதானையார் நல்ல மனுஷன். ‘மேற்படி வீரகத்தி எனது பிரிவில் வசிப்பவரென்றும், குற்றச்செயல் எதிலும் சம்பந்தப்படாதவரென்றும், நான் கண்டமட்டில் தூண்டப்பட்டவராகவே காணப்படுகிறாரென்றும்’ எழுதி முத்திரை குத்தி அனுப்பினார்.

இரண்டாவது சிபாரிசு பகிரங்க அறிவித்தல். வீரகத்தியின் தூண்டுதலில் உரித்துக் கோருவோர் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அடித்து, சங்கக்கடைச் சுவரில் ஒட்டுவித்தோம். இருபத்தொன்பதாம் நாள் தேத்தண்ணிக் கடை இளையதம்பி பஸ் பிடித்து வந்துவிட்டார்.

“பலகை என்ரை. அதிலை கீறின மாட்டுக்கு மாதிரி என்ரை மாடு. ஹலீம் சைக்கிளாலை இறங்கினது என்ரை கடை வாசலிலை. ஆனபடியால் அந்தத் தூண்டுதலிலை எனக்கும் பங்கு கிடக்கு.”

சிரிப்பை அடக்க நான் குனிந்து மேசை லாச்சியைத் திறந்தேன். காரியதரிசி சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவருக்கு விளங்கக்கூடிய ஒரு மனிதன் வந்திருந்தான். இளையதம்பியைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தார். கடை வாசலை அளப்பதற்கு நில அளவைக்காரர் ஒருவர் அனுப்பப்பட்டார். சைக்கிள் நின்ற இடம் றோட்டு ஒதுக்கத்துக்குள் வருவதால் அங்கே உண்டான தூண்டுதல் முடிக்குரியது, அதாவது அரசாங்கத்துக்கே சொந்தம் என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

இப்படி நாள் போக, மாரியும் வந்து போனது. வீரகத்தி விதைக்கப் பிந்தி, விதைத்ததில் பாதியை வெள்ளம் கொண்டுபோனது. சுவர் வெள்ளையடித்தபடி கிடந்தது. அத்தாட்சி உள்ளவர் கிடையாவிட்டால் சுவருக்குத் தார் பூசிவிடும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாக ஐயாத்துரை வாத்தியார் ஆள் விட்டுச் சொன்னார். வீரகத்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்பது மைலுக்கு மேல் பஸ்ஸில் வந்து எங்கள் விறாந்தையில் நிற்கத் தொடங்கினார்.

கடைசியில் தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சபைக் கூட்டத்தில் அவர் பேசியதை அறிக்கையில் உள்ளபடியே தருகிறேன்.

“அன்பர்களே, உயிரோடு இருக்கிறவர்களிடமிருந்து தூண்டுதல் பெறுவதில்தான் இத்தனை சிக்கலும். உயிருள்ளவன் ஆட்சேபணை செய்வான், பங்கு கேட்பான், நாளைக்குத் தன் அபிப்பிராயத்தை மாற்றுவான். ஆகவே முந்நூறு வருஷத்துக்கு முன் காலமான ஐரோப்பிய ஓவியர் பன்னிரண்டு பேரை நான் தெரிவு செய்திருக்கிறேன். அவர்களுடைய படங்களை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒருவரை மற்றவரிலும் மேலாக நினைத்திருப்பேன். கலைஞன் இல்லாமல் ஒரு சபை நடக்கலாம். நாமே அதற்குச் சாட்சி. ஆனால் சபை இல்லாமல் கலைஞன் எப்படி நடப்பான்?”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பன்னிரண்டு பேரின் பட்டியலோடு இன்னொரு தாளையும் காரியதரிசி அடிப்பித்தார். பழைய உரித்தை ஒழித்தால்தான் புதிய உரித்து எழுதலாம் என்பது அவர் கட்சி. முல்லைத்தீவு ஹலீம் என்பவர் ஓவியர் அல்லர் என்றும், அவரிடமிருந்து யாதொரு தூண்டுதலும் தமக்குச் சேரவில்லை, இனிச் சேரவும் மாட்டாது என்றும், விண்ணப்பகாரர் சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை வீரகத்தி மனைவி இராசமலரோடு வந்தார். பட்டியலை இரண்டு தரம் வாசித்தார்.

“இவையின்ரை படத்தை ஒருக்கால் பார்க்கலாமோ, ஐயா?”

“படம் எதுக்கு? தூண்டுதலுக்குப் பேர் மட்டும் காணும்” என்றார் காரியதரிசி.

ஏழாம் வாய்க்கால்காரர் ஏழாம் பெயரைக் காட்டினார். பிறகு மற்றத் தாளை எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

“ஹலீமுக்கு இதைச் சொல்லுவியளோ?”

“சபையின் தஸ்தாவேசுகள் இரகசியமானவை” என்றார் காரியதரிசி பெருமையாக.

இராசமலர் மெதுவாகச் சொன்னார்: “போட்டிட்டு வாங்கோ. சுவருக்குத் தாரைப் பூசினாப் பிறகு ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை. உங்களுக்குப் பத்திரம் கிடைச்சா ஹலீம் அண்ணையைக் கையுதவிக்கெண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம்தானே. ஆர் கண்டது, ஆர் கீறினதெண்டு. கீறி முடிச்சிட்டு அவரிட்டைச் சொல்லுங்கோ. ஏசுவார். பிறகு சிரிப்பார்.”

“ஏசுவான்தான்” என்றார் வீரகத்தி. அப்போதும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஒப்பமிட்டார்.

அவர்கள் போனபின் அந்தத் தாளை அலுமாரியில் வைத்தேன். அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமை வைத்த தாள் இருந்தது. ஏழாம் வாய்க்கால் வீரகத்தி என்பவர் ஓவியர் அல்லர் என்றும், அவரிடமிருந்து யாதொரு தூண்டுதலும் தமக்குச் சேரவில்லை என்றும் ஹலீம் ஒப்பமிட்ட தாள். பட்டியலில் அவர் எடுத்தது நான்காம் பெயர். ஒப்பமிடும்போது அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: “வீரகத்திக்கு இதைச் சொல்லுவியளோ?” தனக்குப் பத்திரம் கிடைத்தால் வீரகத்தியைக் கையுதவிக்கு எடுக்கலாம் என்று என் காதோடு சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பஸ் நிலையத்துக்கு ஓடியிருக்கலாம். இராசமலருக்குச் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு வீரகத்தி அங்கேதான் நின்றிருப்பார். அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு பேருக்கும் பத்திரம் கிடைத்தது. உடனே சபைக்குப் புதிய கவலை ஒன்று வந்தது. பன்னிரண்டு ஆசான்களில் நாலாமவருக்கும் ஏழாமவருக்கும் மட்டுந்தான் இப்பகுதியில் சீடர் உண்டு. சுவரில் படம் கீறினால் மற்றப் பத்துப் பேருக்கும் அநீதி. அதுமட்டுமல்ல, படத்தைப் பார்த்து யாராவது தூண்டப்பட்டால் அதை எந்த இலக்கத்தில் பதிவது? ஆகவே படம் வேண்டாம், பன்னிரண்டு பெயர்களையும் அந்தச் சுவரில் கறுப்பு எழுத்தில் எழுதுவிப்போம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் வழித் தூண்டப்பட்டவரின் பெயர், இருந்தால், வரும். எழுதும் வேலை அத்தாட்சி பெற்ற இருவருக்கும். ஒருவர் மற்றவரை ஓவியர் அல்லர் என்று சத்தியம் செய்திருப்பதால் கூட்டாக வேலை செய்ய முடியாது. காரியதரிசி தாமே வந்து சங்கிலி பிடித்து அளந்து, இருபதாவது அடியில் கட்டையடித்துக் கயிறு கட்டினார். இடப் பக்கம் ஒன்று முதல் ஆறு வரை வீரகத்தி. வலப் பக்கம் ஏழு முதல் பன்னிரண்டு வரை ஹலீம்.

வேலை நடந்த அன்று மேற்பார்வைக்கு என்னை அனுப்பினார்கள். காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் நின்றார்கள். மற்றவர் தன் கையுதவிக்கு வந்தவர் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். கீறுவதற்கு இல்லாமல் போனதைப் பற்றி இருவரும் சபையை நன்றாகத் திட்டினார்கள். “அட, எழுத்தெண்டாலும் ஒரே சுவரிலைதானே” என்று ஹலீம் வீரகத்தியின் தோளில் தட்டினார். எழுத வேண்டியதை அடித்த தாள்கள் என் பைக்குள் இருந்தன. ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

ஹலீமின் தாளில் முதலாவதே ஏழாம் பெயர். அவர் அதை வாசித்ததை நான் கண்டேன். பெயருக்குக் கீழே ‘இவர் வழித் தூண்டப்பட்டவர்: வீரகத்தி, ஏழாம் வாய்க்கால்’ என்று இருந்தது. தானும் ஒப்பமிட்டவர் என்பதால் அந்த வரி எந்தச் சத்தியத்தின் பேரில் வந்தது என்று அவருக்குத் தெரியும். தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். ஏணியில் ஏறினார். எழுதத் தொடங்கினார். தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

“என்னடா, சத்தத்தைக் காணேல்லை?” என்று வீரகத்தி கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். இரண்டு தரம் கேட்டார். “எழுதுறன்” என்று மட்டும் பதில் வந்தது. பெயின்ற் சரியில்லையாக்கும் என்று வீரகத்தி நினைத்திருக்க வேண்டும். தன்னுடைய டின்னைக் கயிற்றுக்கு மேலால் நீட்டினார். ஹலீம் அதை வாங்கவில்லை.

நான்காம் பெயருக்கு வீரகத்தி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெயரை எழுதி முடித்து, அடுத்த வரிக்குத் தாளைப் பார்த்தார். தூரிகை சுவரில் முட்டியபடியே நின்றது. அவர் வலப் பக்கம் திரும்பி, காலையிலேயே எழுதிக் காய்ந்துவிட்ட முதல் வரிகளை வாசித்தார். தன் பெயரை வாசித்தார். ஹலீம் திரும்பிப் பார்க்காமல் பன்னிரண்டாம் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே மற்றவனுக்காகத்தான் செய்தார்கள் என்று அந்த இடத்தில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். இரகசியக் காப்பு என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

வீரகத்தி எழுதினார். ‘இவர் வழித் தூண்டப்பட்டவர்: ஹலீம், முல்லைத்தீவு.’ அந்த வரி நேராக வரவில்லை. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு நாலு விரல் இறங்கிக் கிடந்தது. படம் கீறத் தெரியாத எனக்கே அது கண்ணில் குத்தியது.

வேலை முடிந்தது. கிணற்றடியில் ஆளுக்கொரு பக்கமாக நின்று கை கழுவினார்கள். ஹலீம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சுவரின் இடப் பக்கத்தில் நின்றார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, வெகு நேரம் பார்த்தார். நான்காம் பெயரின் கீழ் வரியில் அவர் கண் நின்றது. வீரகத்தி கழுவிய கையைத் துடைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசு என்று கேட்கிற முகம்.

“நல்லாயிருக்கு” என்றார் ஹலீம்.

வீரகத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நீங்கள் எழுதினதும் நல்லாயிருக்கு” என்றார்.

ஹலீம் தலையசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் சபைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையைப் பஸ்ஸில் வரும்போதே எழுதினேன். வேலை குறித்த நாளில் நிறைவெய்தியது, எவராலும் குறை எதுவும் கூறப்படவில்லை என்று எழுதி, திகதி போட்டு ஒப்பமிட்டேன்.